ஸ்கேன் சுத்தம், அஞ்சல் பெட்டி திறந்து கிடந்தது: கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலை ஒன்றில் பத்து நாட்கள்

கிருஷ்ணகிரியில் சிறு நிறுவனங்களுக்குக் கம்ப்யூட்டர் பராமரிப்பு செய்பவன் நான். ஆண்டு ஒப்பந்தம், முப்பது வாடிக்கையாளர்கள், உடன் வேலை பார்க்க இரண்டு பையன்கள். கீழே இருப்பது 2024 ஜூன் மாதம் அந்த முப்பது பேரில் ஒருவருக்கு நடந்தது. முதலாளியின் அனுமதியோடு எழுதுகிறேன். ஆலை எது, யார் யார் என்பது வேண்டாம் என்றார். அதனால் சில எண்களை லேசாக மாற்றியிருக்கிறேன். நடந்த வரிசையை மாற்றவில்லை. என் தவறும் இதில் இருக்கிறது. அதை மழுப்பாமல் எழுதுவதென்றால் எழுது என்று அவர் போட்ட நிபந்தனை நியாயமானதுதான்.

நிறுவனமும் அதன் கம்ப்யூட்டர்களும்

மாங்கூழ் ஆலைக்கு வருஷம் என்பதே மே கடைசியில் தொடங்கி ஜூலையோடு முடிந்துவிடும். பர்கூர், சந்தூர், காவேரிப்பட்டணம் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பெங்களூரா லோடு லோடாக வந்து இறங்கும். வெளியூரில் தோத்தாபுரி என்பார்கள், இங்கே பெங்களூரா. கூழாக்கி, 215 கிலோ ட்ரம்களில் அடைத்து, இருபது அடி கண்டெய்னருக்கு 80 ட்ரம் வீதம் ஏற்றி, சென்னைத் துறைமுகம் வழியாக வளைகுடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் அனுப்புகிறார்கள். அந்த வாரங்களில் ஆபீஸில் யாரும் நேரத்துக்குச் சாப்பிடுவதில்லை. அந்த அஞ்சல் ஜனவரியில் வந்திருந்தால் யாராவது இரண்டு முறை படித்திருப்பார்கள்.

ஆபீஸில் ஒன்பது கம்ப்யூட்டர். அஞ்சல் சேவை மைக்ரோசாஃப்ட் 365, அதுவும் சிறு நிறுவனங்களுக்கான அடிப்படைத் திட்டம். உள்ளே நுழையக் கடவுச்சொல்லோடு போனில் வரும் இரண்டாம் சரிபார்ப்பும் உண்டு. முதலாளியின் மகன் பிடிவாதமாக நின்று அதைப் போடவைத்தார். வைரஸ் தடுப்புக்கு விண்டோஸோடு வரும் டிஃபெண்டர். கணக்கு டேலியில்.

வெளியே போகக் கூடாதவை என்று பார்த்தால் மூன்று. எந்த வாங்குபவருக்கு என்ன விலை என்ற பட்டியல், ஏற்றுமதிப் பணம் வரும் வங்கி விவரம், அப்புறம் பழம் போடும் சுமார் 640 விவசாயிகளின் வங்கிக் கணக்கும் ஆதார் நகலும். மூன்றாவதை அதுவரை யாரும் ரகசியம் என்று நினைத்ததே இல்லை. பொது ஃபோல்டரில், எல்லாரும் திறக்கும்படி கிடந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஒன்பது கம்ப்யூட்டரிலும் எல்லாருக்கும் நிர்வாகி உரிமை இருந்தது. கொடுத்தவன் நான். டிஜிட்டல் கையெழுத்து டோக்கனுக்கு டிரைவர் போட, பிரிண்டர் மாற்ற என்று ஒவ்வொன்றுக்கும் என்னைக் கூப்பிட வேண்டாமே என்றுதான் கொடுத்தேன்.

ஜூன் 11, செவ்வாய்: வந்த அஞ்சல்

ஏற்றுமதி ஆவணங்களைப் பார்ப்பவர் 26 வயதுப் பையன். அன்று மாலை நாலரைக்கு, துறைமுகத்தில் சுங்க வேலைகளைப் பார்க்கும் சென்னை கிளியரிங் ஏஜென்ட்டிடமிருந்து அவருக்கு ஒரு அஞ்சல் வந்தது. புதிய அஞ்சல்கூட இல்லை. நான்கு நாட்களாக இருவருக்கும் நடந்துகொண்டிருந்த உரையாடலுக்கே பதிலாக வந்தது. கீழே பழைய கடிதங்கள் அத்தனையும் இருந்தன. கண்டெய்னர் எண் சரி, கப்பல் பெயர் சரி. “பி.எல். வரைவில் திருத்தம் உள்ளது, இன்றே உறுதி செய்யவும்” என்று ஒரு வரி (பி.எல். என்பது சரக்கைக் கப்பலில் ஏற்றியதற்கான ஆவணம்), ஓர் இணைப்பு, ஜிப் கோப்பைத் திறக்க ஒரு கடவுச்சொல்.

முகவரியும் ஏஜென்ட்டின் உண்மையான முகவரியேதான். அவருடைய அஞ்சல் பெட்டிக்குள் வேறு யாரோ ஏற்கெனவே புகுந்து உட்கார்ந்திருந்தது எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது. அனுப்பும் சர்வர் சரிதானா, கையொப்பம் சரிதானா என்று பார்க்கும் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம். சோதனைகள் இரண்டிலும் அந்த அஞ்சல் தேறிவிட்டது. தேறாமல் என்ன செய்யும், அனுப்பியது அந்தப் பெட்டியேதான். ஜிப்புக்குக் கடவுச்சொல் போட்டிருந்ததால் வடிகட்டியால் உள்ளே எட்டிப் பார்க்கவும் முடியவில்லை.

பையன் இறக்கித் திறந்தார். பி.டி.எஃப். சின்னத்தோடு ஒரே கோப்பு. சொடுக்கியதும் வெற்றுப் பக்கம் ஒன்று வந்தது, அவ்வளவுதான்.

ஆறு மணிக்கு எனக்குப் போன் செய்தார். “அண்ணா, ஒரு பி.டி.எஃப். ஓப்பன் ஆச்சு, ஆனா உள்ள ஒன்னுமே இல்ல. ஒரு தடவ பாத்துடறீங்களா?”

என் தவறு

நான் ஊத்தங்கரையில் வேறொரு வேலையில் இருந்தேன். தொலைவிலிருந்தே அவர் கம்ப்யூட்டருக்குள் போனேன். டிஃபெண்டரை ஓட விட்டேன். இருபது நிமிடத்தில் எந்த அச்சுறுத்தலும் இல்லை என்று வந்தது. டவுன்லோட்ஸ் ஃபோல்டரைக் காலி செய்தேன், குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். “ஒன்னும் இல்லப்பா, சுத்தமா இருக்கு. ஏஜென்ட்ட திரும்ப அனுப்பச் சொல்லு” என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பையன் செய்ய வேண்டியதைச் செய்தார்: சந்தேகம் வந்தது, அன்றே சொன்னார். நான் செய்தது, தடயத்தை அழித்துவிட்டுச் சுத்தம் என்று சான்று கொடுத்தது. ஏஜென்ட்டுக்கு ஒரு போன் போட்டு, “இப்படி ஒன்று அனுப்பினீர்களா?” என்று கேட்டிருந்தால் இந்தக் கட்டுரை இந்தப் பத்தியோடு முடிந்திருக்கும். அந்தப் போனைப் போட பையனுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. ஏஜென்ட் மறுநாள் காலை வழக்கமான பி.எல். வரைவை அனுப்பினார். அதைத் திருத்தப்பட்டது என்று எடுத்துக்கொண்டு வேலை நகர்ந்தது.

அந்தச் சமயத்தில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. திரையின் கீழ் ஓரத்தில் தொலை உதவி மென்பொருளின் சின்னம் ஒன்று இருந்தது. நான் பயன்படுத்துவது வேறு. எனக்கு முன்னால் பராமரிப்பு பார்த்தவர் போட்டது போலும் என்று விட்டுவிட்டேன்.

ஜூன் 20, வியாழன்: துபாய் போன்

ஒன்பது நாள் எதுவும் நடக்கவில்லை, அல்லது நடந்தது எங்கள் கண்ணில் படவில்லை. வியாழன் காலை பதினொரு மணிக்கு, துபாயில் இருக்கும் வாங்கும் நிறுவனத்தின் மேலாளர் கணக்குப் பிரிவு அக்காவுக்குப் போன் செய்தார். அவரும் தமிழர். பல சீசனாகப் பேசிப் பழக்கம்.

“என்ன மேடம், பேங்க மாத்திட்டீங்களா?”

“இல்லையே சார், யார் சொன்னாங்க?”

“ரெண்டு நாளா உங்க மெயில்தான் சொல்லுது. நான் ரெண்டு தடவ பதில் போட்டு டவுட் கேட்டேன். நீங்க மெயில்ல எப்பவும் ஒரு வணக்கம்கூட போட மாட்டீங்க. இதுல நாலு வரி மரியாதை இருக்கு. அதான் போன் பண்ணிப் பாக்கலாம்னு.”

நிறுவனம் இதுவரை பாதுகாப்புக்கென்று செலவழித்த எதுவும் பிடிக்காததை, வணக்கம்கூட வைக்காத அக்காவின் கடிதப் பாணி பிடித்துக் கொடுத்தது. துபாய் மேலாளரின் இரண்டு பதில்களில் ஒன்றுகூட இன்பாக்ஸில் இல்லை. அக்கா உடனே என்னைக் கூப்பிட்டார். பதினொன்றே முக்காலுக்கு நான் ஆலையில் இருந்தேன்.

அன்று பார்த்தது

முதலில் அஞ்சல் பெட்டியின் விதிகளைப் பார்த்தேன். கணக்குப் பிரிவின் பொதுப் பெட்டியில், வெறும் ஒரு புள்ளியைப் பெயராகக் கொண்ட விதி ஒன்று இருந்தது. பேங்க், பேமென்ட், அக்கவுண்ட், ஸ்விஃப்ட் ஆகிய சொற்களில் ஏதாவது இருந்தால் அந்த அஞ்சலைப் படித்ததாகக் குறித்து, ஆர்.எஸ்.எஸ். ஃபீட்ஸ் என்ற ஃபோல்டருக்குத் தள்ளு என்பது விதி. அவுட்லுக்கில் அந்தப் பெயரில் ஒரு ஃபோல்டர் இருப்பதே ஆபீஸில் யாருக்கும் தெரியாது. திறந்தால் உள்ளே 31 அஞ்சல்கள். துபாய் மேலாளரின் இரண்டு கேள்விகளும் அங்கேதான் இருந்தன.

பொதுப் பெட்டிக்குள் எப்படி வந்தார்கள்? சீசனில் அக்காவுக்கு உதவியாக, ஏற்றுமதிப் பையனுக்கும் அந்தப் பெட்டியைத் திறக்கும் உரிமை கொடுத்திருந்தோம். அவர் வழியாகத்தான்.

நுழைவுப் பதிவுகளைப் பார்க்கப் போனால், அடிப்படைத் திட்டத்தில் அவை ஏழு நாட்களுக்கு மட்டுமே இருக்கும் என்பது அப்போதுதான் உறைத்தது. கடைசி ஏழு நாட்களில் பையனின் கணக்கில் வெளிநாட்டு முகவரிகளிலிருந்து பதினொரு நுழைவுகள். அதற்கு முந்தையவை போய்விட்டன. நல்லவேளையாகத் தணிக்கைப் பதிவு என்று இன்னொன்று 180 நாள் தங்கும். அதில் புள்ளி விதி உருவான நேரம் இருந்தது: ஜூன் 13, அதிகாலை 2.14.

போலி அஞ்சல்கள் ஆலையின் முகவரியிலிருந்து போகவில்லை. ஆலையின் இணையப் பெயரில் ஓர் எழுத்தை மட்டும் இரட்டித்து, ஜூன் 14 அன்று புதிதாக ஒரு பெயரைப் பதிவு செய்திருக்கிறார்கள். பதிவு நாளை யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். பழைய உரையாடலை அப்படியே நகலெடுத்து, அந்த இரட்டை எழுத்து முகவரியிலிருந்து தொடர்ந்திருக்கிறார்கள். கடிதத்தின் அடியில் அக்காவின் பெயர், பதவி எல்லாம் சரி. போன் எண்ணில் கடைசி இரண்டு இலக்கம் மட்டும் வேறு. சந்தேகப்பட்டு அந்த எண்ணுக்குக் கூப்பிட்டிருந்தால் எடுத்துப் பேச ஆள் தயாராக இருந்திருப்பான்.

போலி வங்கி விவரம் எத்தனை பேருக்குப் போனது என்பதுதான் அடுத்த கேள்வி. அந்த ஃபோல்டரைப் பார்த்த அளவில் இரண்டு பேருக்கு. ஒருவர் துபாய். இன்னொருவர் ஐரோப்பிய வாங்குபவர்; அவர் போன் செய்யவில்லை. ஜூன் 18 அன்றே 18,400 டாலர், ஒரு முழுக் கண்டெய்னருக்கான பணம், அனுப்பியிருந்தார்.

எடுத்த முடிவுகள்

முதலாளி சொன்னது ஒரே வரி. “தம்பி, ஃபார்மேட் அடிச்சுக் குடுத்துடு, மூணு கண்டெய்னர் நிக்குது.” ஒன்பது நாளுக்கு முன்னால் என்றால் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

பையனின் கம்ப்யூட்டரிலிருந்து நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கினோம், வைஃபையை நிறுத்தினோம். உடனே அணைக்கவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரின் நினைவகத்தில்தான் சில தடயங்கள் இருக்கும், அணைத்தால் போய்விடும். ஆனால் நினைவகத்தை முறையாகப் பதிவெடுக்கத் தெரிந்த ஆள் அன்று கைக்குக் கிடைக்கவில்லை. திரையில் தெரிந்தவற்றைப் போனில் படமெடுத்து, ஓடும் நிரல்களின் பட்டியலையும் திறந்திருந்த இணைப்புகளையும் பென்டிரைவில் சேமித்து, மாலையில் அணைத்தோம். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி உறையில் போட்டு, தேதி, நேரம் எழுதி, மூன்று பேர் கையெழுத்திட்டோம். புது டிஸ்க் மாட்டி விண்டோஸ் போட்டதும் பையன் இரவு எட்டுக்கு வேலையைத் தொடர்ந்தார். முதலாளி கேட்ட வேகம் கிடைத்தது, பழைய டிஸ்க்கும் தப்பியது.

அஞ்சல் கணக்குகளில் எந்த வரிசையில் கை வைப்பது என்பதில் கவனமாக இருந்தோம். எல்லாவற்றையும் முதலாளி மகனின் லேப்டாப்பிலிருந்தே செய்தோம். அது அந்த ஆபீஸ் நெட்வொர்க்கில் ஒருபோதும் இணைந்ததில்லை. முதலில் விதியையும் ஃபோல்டரையும் படமெடுத்தோம். அடுத்து, கணக்கு ஏற்கெனவே திறந்து நிற்கும் அமர்வுகள் எல்லாவற்றையும் வெளியேற்றினோம். அதன் பிறகு கடவுச்சொற்கள். அப்புறம் பலர் மறந்துவிடும் இடம்: இரண்டாம் சரிபார்ப்புக்குப் பதிவான போன்களின் பட்டியல். பையனின் கணக்கில் இரண்டு போன் இருந்தது, பையனிடம் ஒரு போன்தான் இருக்கிறது. அதை அப்படியே விட்டிருந்தால் எத்தனை முறை கடவுச்சொல் மாற்றினாலும் அடுத்த வழி அவர்களிடம் தயாராக இருந்திருக்கும். அதை நீக்கி, வெளியே அனுப்பும் விதிகளையும் இணைத்த செயலிகளையும் சரிபார்த்துவிட்டுக் கடைசியில்தான் புள்ளி விதியை அழித்தோம்.

இதே நேரத்தில் அக்கா போனில் இருந்தார். 22 வாங்குபவர்களுக்கும் தானே பேசினார். எண்களை அஞ்சலிலிருந்து எடுக்க வேண்டாம், பழைய ஒப்பந்தக் காகிதத்திலிருந்து எடுங்கள் என்று கேட்டுக்கொண்டோம். காவல் நிலையத்துக்குப் போவதற்கு முன்பே இதைத் தொடங்கியது சரியான முடிவு என்று இன்றும் நினைக்கிறேன். புகார் ஒரு மணி நேரம் தள்ளிப்போனால் பெரிய மோசம் இல்லை. இன்னொரு கண்டெய்னர் பணம் போனால் மோசம்.

மதியம் 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்கு அழைத்தோம், தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதிந்தோம், மாலை மாவட்ட சைபர் க்ரைம் காவல் நிலையத்துக்கு நேரில் போனோம். 1930-இன் பலம், பணம் உள்நாட்டு வங்கிகளுக்குள் நகரும்போதுதான்: புகார் பதிந்ததும் அடுத்தடுத்த கணக்குகளில் தொகையை நிறுத்திவைக்க முயல்வார்கள். இங்கே பணம் வெளிநாட்டு வங்கி ஒன்றிலிருந்து இன்னொரு வெளிநாட்டு வங்கிக்குப் போயிருந்தது. ஆகவே திரும்பப் பெறும் கோரிக்கையை அனுப்பியவரின் வங்கிதான் எழுப்ப வேண்டும். நாங்கள் பதிந்த புகாரின் ரசீது அதற்கு ஆதாரமாக உதவியது.

கம்ப்யூட்டர் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்கும் தெரிவித்தோம், ஆனால் தாமதமாக. 2022 ஏப்ரல் 28 ஆணைப்படி, இப்படி ஒரு சம்பவம் கவனத்துக்கு வந்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். எனக்கு அது இரவு பத்து மணிக்குத்தான் நினைவுக்கு வந்தது. மறுநாள் காலை அனுப்பினோம். நம்மூர்ச் சிறு நிறுவனங்களில் இந்த ஆணை தங்களுக்கும் பொருந்தும் என்று தெரிந்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

டிஸ்க் சொன்ன கதை

ஓசூரிலிருந்து தினமும் பெங்களூருக்கு வேலைக்குப் போகும் நண்பர் ஒருவர் இந்தத் துறையில் இருக்கிறார். சனிக்கிழமை வந்தார். முதலில் டிஸ்க்கின் ஹேஷ் மதிப்பை, அதாவது உள்ளே எது மாறினாலும் தானும் மாறிவிடும் கைரேகை போன்ற எண்ணை, எடுத்துக் குறித்தார், பிறகு நகலெடுத்தார், நகலில் மட்டுமே வேலை செய்தார். இது வெறும் சம்பிரதாயம் என்று அன்று நினைத்தேன். ஜூலை 1 அன்று புதிய சாட்சியச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மின்னணுச் சாட்சியத்துக்கான அதன் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ்ப் படிவத்திலேயே ஹேஷ் மதிப்பு எழுத ஓர் இடம் இருக்கிறது. காவல் நிலையத்தில் கேட்டபோது கொடுக்க முடிந்தது.

நான் அழித்த ஜிப்பை அவர் மீட்டுவிட்டார். பையனின் கம்ப்யூட்டரில் இருந்தது பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க், அதனால் கிடைத்தது. எஸ்.எஸ்.டி. என்றால் பெரும்பாலும் கிடைத்திருக்காது. உள்ளே இருந்தது பி.டி.எஃப். இல்லை, ஷார்ட்கட். கோப்புகளின் பின்னொட்டைக் காட்டு என்று விண்டோஸில் அமைத்து வைத்தாலும், ஷார்ட்கட்டின் பின்னொட்டை மட்டும் அது காட்டாது. சின்னத்தின் மூலையில் ஒரு குட்டி அம்புக்குறி, அவ்வளவுதான் அடையாளம். சொடுக்கியதும் அது விண்டோஸின் சொந்தக் கருவியான பவர்ஷெல்லை அழைத்து, வெளியிலிருந்து ஒரு நிரலை இறக்கி, கண்துடைப்புக்கு ஒரு வெற்று பி.டி.எஃப். பக்கத்தையும் திறந்திருக்கிறது.

இறங்கிய நிரல் உலாவியில் சேமித்திருந்த 64 கடவுச்சொற்களையும் குக்கிகளையும் திரட்டி அனுப்பிவிட்டுத் தன்னைத்தானே அழித்துக்கொண்டது. பதிவேட்டில் அதன் ஆயுள் இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. நான் ஸ்கேன் போட்டது ஒன்றரை மணி நேரம் கழித்து. அப்போது கண்டுபிடிக்க அங்கே எதுவும் இல்லை. ஸ்கேன் சொன்னது பொய்யில்லை. நான் அதைப் புரிந்துகொண்ட விதம்தான் தப்பு.

இரண்டாம் சரிபார்ப்பு ஏன் தடுக்கவில்லை என்று முதலாளியின் மகன் திரும்பத் திரும்பக் கேட்டார். போட வைத்தவர் அல்லவா. காலையில் பையன் கடவுச்சொல்லும் போன் சரிபார்ப்பும் கொடுத்து உள்ளே போனதும், “இவர் சோதனை முடித்தவர்” என்று ஒரு குக்கியை உலாவி வைத்துக்கொள்கிறது. பொருட்காட்சி வாசலில் டிக்கெட்டைக் காட்டிக் கையில் பட்டை கட்டிக்கொண்டவரை உள்ளே யாரும் மறுபடி விசாரிப்பதில்லை. திருடு போனது அந்தப் பட்டைதான். கடவுச்சொல்லும் கேட்கவில்லை, போனும் ஒலிக்கவில்லை.

திரையோரச் சின்னத்துக்கும் விடை கிடைத்தது. முன்னவர் போட்டதல்ல, ஜூன் 11 மாலை 4.37-க்கு நிறுவப்பட்டது. முறையான மென்பொருள், முறையான கையொப்பம், ஆகவே டிஃபெண்டர் தொடவில்லை. பையனுக்கு நிர்வாகி உரிமை இருந்ததால் நிறுவவும் தடையில்லை. தொலைவிலிருந்து ஆள் நுழைவது அந்த ஆபீஸில் என் புண்ணியத்தில் சகஜம், ஆகவே யாரும் கேட்கவும் இல்லை.

விவசாயிகளின் ஆவணங்கள்

அந்த மென்பொருளின் பதிவில் கோப்பு நகர்த்திய தடம் இருந்தது. பொது ஃபோல்டரிலிருந்து 210 எம்.பி. அளவுக்குப் போயிருக்கிறது. அதில் விவசாயிகள் பட்டியலும் ஆதார் நகல்களும் இருந்தன.

இதில்தான் விவாதம் நீண்டது. “சீசன் நடுவுல இதைச் சொன்னா பழம் வேற ஆலைக்குப் போயிடும் தம்பி” என்றார் முதலாளி. அவர் பயம் பொய்யில்லை. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இலேயே நிறைவேறியிருந்தாலும், அதற்கான விதிகள் அப்போது வந்திருக்கவில்லை; சொல்லியே ஆக வேண்டும் என்று நான் சட்டத்தைக் காட்ட முடியவில்லை. பேச்சை முடித்தது அக்கா. “அவங்க கணக்குல இருந்து ஒருத்தன் பணம் எடுத்துட்டா, அப்பறம் நம்ம பேரு எப்படியும் வெளிய வரும். நாமளே சொல்லிடலாம் சார்.”

கடிதம் அனுப்பவில்லை. பழம் இறக்கும் இடத்தில் எடை போடுபவரும் கொள்முதல் ஆட்களும் நேரில் சொன்னார்கள்: உங்கள் கணக்கு விவரம் வெளியே போயிருக்கலாம், ஆலையிலிருந்து பேசுகிறோம் என்று யார் ஓ.டி.பி. கேட்டாலும் கொடுக்காதீர்கள், எங்களுக்கு ஓ.டி.பி. தேவையே இல்லை. பெரியவர்கள் சிலர் கோபப்பட்டார்கள். பழம் வேறு பக்கம் போகவில்லை. போனாலும் ஆலைக்குத் தெரிகிற அளவுக்கு இல்லை. அடுத்த இரண்டு மாதத்தில் மூன்று பேருக்கு ஓ.டி.பி. கேட்டுப் போன் வந்தது, மூவரும் கொடுக்கவில்லை. இதனால்தான் வந்ததா, எல்லாருக்கும் வருகிற மாதிரி வந்ததா, சொல்ல வழியில்லை.

பணம் என்னவாயிற்று

ஐரோப்பிய வாங்குபவரின் வங்கி திரும்பப் பெறும் கோரிக்கையை அன்றே அனுப்பியது. போய்ச் சேர்ந்த கணக்கு ஒரு நாளுக்கு முன்பே காலியாகியிருந்தது. கணக்கின் பெயர் ஆலையின் பெயரல்ல, ஏதோ தனிநபர். பணம் கணக்கு எண்ணைப் பார்த்துப் போய்விட்டது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி, 66டி பிரிவுகளில் வழக்குப் பதிவானது.

உங்கள் பக்கம்தான் ஓட்டை என்றார் வாங்குபவர். பெயரில் ஓர் எழுத்து கூடுதலாக இருந்ததைப் பார்க்காதது உங்கள் தவறு என்றது ஆலை. செப்டம்பரில் பாதி பாதி என்று முடித்துக்கொண்டார்கள். ஆலைக்குச் சுமார் ஏழரை லட்சம் நஷ்டம். வாங்குபவர் அடுத்த சீசனும் வந்தார்.

பையனை வேலையிலிருந்து நிறுத்துவதாக ஒரு பேச்சு இருந்தது. அவர் அன்றே என்னிடம் சொன்னார், கோட்டை விட்டவன் நான் என்று முதலாளியிடம் எழுத்தில் கொடுத்தேன். ஒப்பந்தமும் போகலாம் என்று தெரிந்துதான் கொடுத்தேன். இரண்டுமே போகவில்லை.

மாற்றியவை

நிர்வாகி உரிமை எல்லாரிடமிருந்தும் எடுக்கப்பட்டது. எனக்கு வேலை கூடியது, அது பரவாயில்லை. ஷார்ட்கட், ஐ.எஸ்.ஓ. (டிஸ்க்கின் நகலாக வரும் கோப்பு), ஸ்கிரிப்ட் கோப்புகள் அஞ்சலில் வந்தால் நின்றுவிடும். கடவுச்சொல் போட்ட ஜிப்புகள் தனியாக நிற்கும். போனில் உறுதி செய்த பிறகு விடுவிப்போம். உலாவியில் கடவுச்சொல் சேமிப்பது நிறுத்தப்பட்டது. திருடு போன 64-ஐயும் ஒவ்வொன்றாக மாற்ற நான்கு நாள் ஆனது; அதில் மூன்றை வைத்திருந்த தளங்களின் பெயரே யாருக்கும் நினைவில்லை.

பணம் தொடும் நான்கு கணக்குகளை மேல் திட்டத்துக்கு மாற்றினோம். ஆலையில் பதிவு செய்த கம்ப்யூட்டரிலிருந்து மட்டுமே அவை திறக்கும்; திருடிய குக்கியை வேறொரு கம்ப்யூட்டரில் கொண்டுபோய் வைத்தால் திறக்கக் கூடாது என்பது நோக்கம். நுழைவுப் பதிவும் ஏழு நாளுக்குப் பதில் முப்பது நாள் கிடைக்கிறது. கையில் வைத்திருக்கும் பாதுகாப்புச் சாவியும் வாங்கினோம். போலி நுழைவுப் பக்கத்தில் அது ஏமாறாது. ஆனால் குக்கித் திருட்டை அது மட்டும் தடுக்காது. விற்றவர் அதைச் சொல்லவில்லை.

ஆலையின் பெயரில் யாரும் போலி அஞ்சல் அனுப்பாதபடி டி.எம்.ஏ.ஆர்.சி. அமைப்பைப் படிப்படியாக நிராகரிப்பு நிலைக்குக் கொண்டுபோனோம். செய்ய வேண்டியதுதான். ஆனால் இந்தச் சம்பவத்தை அது தடுத்திருக்காது, ஏனென்றால் எழுத்து இரட்டித்த பெயர் வேறொருவருடையது.

பணத்தைக் காப்பதில் மிக உதவுவது ஒப்பந்தத்தில் சேர்த்த ஒரு பத்திதான். வங்கி விவரம் மாறினால் அஞ்சலில் மட்டும் சொல்ல மாட்டோம், இந்த எண்ணில் இன்னார் பேசுவார், நீங்களும் இதே எண்ணுக்குத் திருப்பிக் கூப்பிட வேண்டும் என்று எழுதிக் கையெழுத்து வாங்குகிறார்கள். செலவு ஒரு தாள்.

விவசாயிகளின் ஆதார் நகல்களை எதற்கு வைத்திருக்கிறோம் என்று கேட்டபோது யாரிடமும் பதில் இல்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டு, தேவைப்படும் இடத்தில் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் ஆதாரை வாங்குகிறார்கள்.

என் பக்கத்திலும் மாற்றம் உண்டு. முப்பது நிறுவனங்களின் நிர்வாகிக் கடவுச்சொற்களும் என் லேப்டாப்பில் இருந்தன. அந்த ஷார்ட்கட்டை நான் சொடுக்கியிருந்தால் என்று யோசித்த இரவு சரியாகத் தூங்கவில்லை. இப்போது தொலை உதவி அவர்கள் கூப்பிட்டால்தான் திறக்கும், வேலை முடிந்ததும் மூடும். ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் எந்த மென்பொருள் என்னுடையது என்று சின்னத்தின் படத்தோடு ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். “திறந்தேன், ஒன்றும் வரவில்லை” என்று யாராவது சொன்னால் ஸ்கேன் போடுவதற்கு முன் அமர்வுகளை வெளியேற்றுகிறேன், எதையும் அழிப்பதில்லை.

மாறாதவை

கிளியரிங் ஏஜென்ட்டிடம் அன்றே சொன்னோம். தன் கம்ப்யூட்டரில் வைரஸ் இல்லை, ஸ்கேன் போட்டுப் பார்த்தாயிற்று என்றார். அந்தப் பதிலைக் கேட்டுச் சிரிக்கும் தகுதி எனக்கு இல்லை. அவரிடம் அஞ்சல் விதிகளைப் பார்க்கச் சொல்ல இரண்டு வாரமும் மூன்று போனும் ஆனது. அவர் வழியாக மாவட்டத்தில் குறைந்தது இன்னும் இரண்டு ஏற்றுமதியாளர்களுக்கு அதே அஞ்சல் போயிருந்தது. ஒருவர் திறக்கவில்லை. இன்னொருவர் திறந்தாராம், வெற்றுப் பக்கம் வந்ததாம், மூடிவிட்டாராம்.

அக்டோபரில் ஆலை ஊழியர்களுக்கு ஒரு சோதனைப் போலி அஞ்சல் அனுப்பினேன். பையன் பத்தே நிமிடத்தில் எனக்குப் போன் செய்தார். அக்கா ஏஜென்ட்டுக்கே போன் செய்துவிட்டார். முதலாளி சொடுக்கிவிட்டார். சைபர் காப்பீட்டுக்கான விலைப்புள்ளி அவர் மேஜையில் இருக்கிறது; சீசன் வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றிருக்கிறார்.